அரசு மருத்துவமனையில் காத்திருப்பு: படுக்கை கூட்டினால் மட்டும் குறையுமா?

யீஷூன் வாசு

வாட்ஸ்அப் குழுவில் ஆரம்பித்த பேச்சு அங்கே பாதியில் நின்றுவிட்டது, அதனால் இங்கே கொண்டுவருகிறேன். சிங்கப்பூர் அரசு மருத்துவமனைகளில் காத்திருப்பு நேரம் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லாரும் ஒரே தீர்வுதான் சொல்கிறோம்: இன்னொரு மருத்துவமனை கட்டு, இன்னும் படுக்கை போடு. கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். 2015-இல் ஜூரோங்கில் இங் டெங் ஃபோங், 2018-இல் செங்காங், 2023 டிசம்பரிலிருந்து படிப்படியாக உட்லண்ட்ஸ் ஹெல்த், அடுத்து பிடோக் நார்த்தில் கிழக்கு வட்டாரத்துக்கு ஒன்று வரப்போகிறது. வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டோம். ஆனால் அவசர சிகிச்சைப் பிரிவில் வார்டுக்காகச் சக்கரக் கட்டிலில் காத்துக் கிடப்பவர்களை நான் இன்னும் பார்க்கிறேன். போன மாதம் என் அப்பாவும் அதில் ஒருவர். மருத்துவர் சீக்கிரமே பார்த்தார், எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாம் மதியத்துக்குள் முடிந்தது, "வார்டில் சேர்க்க வேண்டும்" என்று எழுதியும் கொடுத்துவிட்டார்கள். வார்டுக்கு மேலே போனபோது விடியற்காலை. மருத்துவமனையின் பெயர் வேண்டாம், எந்தப் பெயரைப் போட்டாலும் அதே கதையைச் சொல்ல இங்கே ஆள் இருப்பார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு நோயாளி மருத்துவமனையில் தங்கும் சராசரி நாள் 2019-இல் ஏறக்குறைய 6, 2022-இல் 7 என்று சுகாதார அமைச்சே சொல்லியிருந்தது. ஒரு நாள்தானே என்று தோன்றும். 1,000 படுக்கை உள்ள மருத்துவமனையில் ஆளுக்கு 6 நாள் என்றால் தினமும் சுமார் 166 பேர் உள்ளே வரலாம். 7 நாள் ஆகிவிட்டால் 142 பேர்தான். அந்த 24 பேர் எங்கே போவார்கள்? அவசர சிகிச்சைப் பிரிவின் நடைபாதையில்தான் படுத்திருப்பார்கள்.

என் எண்ணம் என்னவென்றால், வெளியே போக வேண்டியவர் போகமுடியாமல் இருப்பதுதான் வரிசையை நீட்டுகிறது. வார்டில் மட்டுமல்ல, சிறப்பு மருத்துவர் கிளினிக்கிலும் அப்படித்தான். சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் வருடக்கணக்காகக் கட்டுப்பாட்டில் இருப்பவர், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து மாத்திரையை நீட்டித்துக்கொண்டு போகிறார். புதிதாகப் பரிந்துரைக் கடிதத்தோடு வருபவருக்கு முதல் சந்திப்பே மாதக்கணக்கில் தள்ளிப்போகிறது. இதைச் சரிசெய்யாமல் கட்டடம் மட்டும் கட்டினால் அதுவும் சில வருடத்தில் நிரம்பிவிடும். 2030-இல் குடிமக்களில் நாலில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார் என்கிறார்கள், அவகாசம் அதிகம் இல்லை. உங்கள் கருத்து என்ன?

---

ஜூரோங் முருகேசன்

தம்பி, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் முதல் காரணத்தை விட்டுவிட்டீர்கள். சளிக்கும் வயிற்றுப்போக்குக்கும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுகிறார்கள். புளோக்குக்குக் கீழேயே பொது மருத்துவர் இருக்கிறார், அவரிடம் போவதில்லை. கட்டணம் நூறு வெள்ளிக்கு மேல் வைத்தும் கூட்டம் குறையவில்லை. சாங்கி பொது மருத்துவமனை 2014-இல் "ஜிபி ஃபர்ஸ்ட்" என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது நினைவிருக்கிறதா? முதலில் பொது மருத்துவரைப் பார்த்து, அவர் அனுப்பி வந்தால் அவசர சிகிச்சைக் கட்டணத்தில் 50 வெள்ளி குறையும். நல்ல யோசனை. நம் ஆட்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அலெக்ஸாண்டிராவிலும் காலாங்கிலும் அவசரத் தேவைக்கான பராமரிப்பு நிலையம் இருக்கிறது, அதையும் யாரும் நினைப்பதில்லை. தேவையில்லாமல் வருபவர்களைத் தடுத்தாலே பாதி வரிசை குறையும் என்பது என் கருத்து.

---

வார்டு தாதி

முருகேசன் அண்ணே, மரியாதையோடு மறுக்கிறேன். நான் அரசு மருத்துவமனை வார்டில் பல வருடம் வேலை செய்பவள், அதற்கு முன் அவசர சிகிச்சைப் பிரிவிலும் இருந்திருக்கிறேன்.

இங்கே இரண்டு வரிசை இருக்கிறது, இரண்டையும் கலக்கக் கூடாது. வந்ததும் தாதி பார்த்து பி1 முதல் பி4 வரை தரம் பிரிப்பார். பி1 என்றால் உயிர் போகும் நிலை, உடனே உள்ளே. பி2 என்றால் கடுமையானது, பெரும்பாலும் படுத்த நிலையில் வருவார்கள். பி3 நடந்து வருபவர்கள். பி4 அவசரமே இல்லாதவர்கள். சளிக்கு வரும் பி4 நோயாளி மருத்துவரைப் பார்க்கத்தான் நெடுநேரம் காத்திருக்கிறார், பார்த்ததும் மாத்திரையோடு வீட்டுக்குப் போய்விடுவார். அவர் ஒரு வார்டு படுக்கையையும் எடுப்பதில்லை. வாசுவின் அப்பா காத்திருந்தது இன்னொரு வரிசை, மருத்துவர் பார்த்து முடித்து, மேலே படுக்கை காலியாகும்வரை காத்திருக்கும் வரிசை. நாளைக்கே பி4 நோயாளி ஒருவர்கூட வராவிட்டாலும் அந்த இரண்டாவது வரிசை அப்படியேதான் இருக்கும்.

அப்படியானால் படுக்கை ஏன் காலியாவதில்லை? ஒரு சாதாரண நாளைச் சொல்கிறேன். காலையில் மருத்துவர்கள் சுற்று வருவார்கள். "அங்கிள், இன்னைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்று 9 மணிக்குச் சொல்லியாகிவிட்டது. ஆனால் கடைசி ரத்தப் பரிசோதனை முடிவு வர வேண்டும். வீட்டுக்குக் கொடுக்கும் குறிப்பை இளம் மருத்துவர் எழுத வேண்டும், அவர் கையில் அன்றைக்கு இன்னும் பல நோயாளிகள். மருந்தகத்திலிருந்து மாத்திரை மேலே வர வேண்டும். படி ஏற முடிகிறதா என்று இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) பார்க்க வேண்டும். இதெல்லாம் முடிய மதியம் 2 மணி. அப்புறம் மகனுக்கு ஃபோன் போட்டால் "வேலை முடிந்து 7 மணிக்குத்தான் வரமுடியும்" என்பார், அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் வந்து, அழைத்துப்போய், படுக்கையைத் துடைத்துச் சுத்தம் செய்து, அடுத்தவரை மேலே அழைக்கும்போது இரவு 9. ஆனால் அவசர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கச் சொல்லி முடிவெடுத்த நோயாளிகள் 11 மணியிலிருந்தே குவிந்துகொண்டிருப்பார்கள். ஒரே ஒரு படுக்கையில் ஒரு பகல் முழுக்கப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை மாலை இன்னும் மோசம். சனி ஞாயிறுகளில் இயன்மருத்துவர், சமூக ஊழியர் எல்லாரும் குறைவு. வெள்ளியன்று போக முடியாதவர் திங்கள்வரை இருப்பார். திங்கட்கிழமை கூட்டத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

இவர்களாவது அதே நாளில் போய்விடுவார்கள். வாரக்கணக்கில் போகமுடியாதவர்கள் இருக்கிறார்கள். பக்கவாதம் வந்து பிழைத்தவர், இடுப்பு எலும்பு உடைந்து அறுவை சிகிச்சை முடிந்தவர். சிகிச்சை முடிந்துவிட்டது, சமூக மருத்துவமனையில் (சிகிச்சைக்குப் பின் உடம்பு தேறும்வரை இருக்கும் இடம்) இடம் வர வேண்டும், இல்லை தாதிமை இல்லத்தில் இடம் வர வேண்டும், இல்லை வீட்டில் பார்த்துக்கொள்ளப் பணிப்பெண் வர வேண்டும். இவர்களுக்காகத்தான் எக்ஸ்போ கண்காட்சி அரங்கின் 10ஆம் மண்டபத்தில் இடைக்காலப் பராமரிப்பு வசதி செய்தார்கள், கோவிட் நேரத்தில் இருந்த இடத்தை மாற்றி. அது எங்களுக்கு உண்மையிலேயே பெரிய உதவியாக இருந்தது.

---

செங்காங் ராஜி

தாதி அக்கா சொன்னதில் கடைசிப் பகுதியைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. "போகமுடியாதவர்கள்" என்று நீங்கள் மரியாதையாகச் சொல்கிறீர்கள், நன்றி. ஆனால் வெளியே பேசும்போது "குடும்பம் கூட்டிக்கொண்டு போகமாட்டேன் என்கிறது", "மருத்துவமனையிலேயே விட்டுவிடுகிறார்கள்" என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள் தெரியுமா? என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்தபோது அந்தப் பார்வையை நான் நேரில் அனுபவித்தேன்.

எங்கள் வீடு மூவறை வீடு. குளியலறைக்கு ஒரு படி இறங்க வேண்டும். சக்கர நாற்காலியோடு அந்தக் கதவுக்குள் திரும்பவே முடியாது. வீட்டுக்குப் போகலாம் என்று ஒரு நாள் மதியம் சொன்னார்கள், எப்போது என்றால் மறுநாள் காலை. அதுவரை யாரும் என்னிடம் வீட்டில் படி இருக்கிறதா, யார் பகலில் பார்த்துக்கொள்வார், மூக்குக் குழாய் வழியே பால் கொடுக்கத் தெரியுமா என்று கேட்கவில்லை. மருத்துவமனைக் கட்டில் வாடகைக்கு எடுக்க வேண்டும். பணிப்பெண்ணுக்கு மனுப் போட வேண்டும், அவர் வந்து சேர வாரங்கள் ஆகும். வீவகவின் (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) "ஈஸ்" திட்டத்தில் கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை எல்லாம் போட்டுத் தருவார்கள், செலவில் 95 விழுக்காடு வரை மானியம். அருமையான திட்டம். ஆனால் எனக்கு அதைச் சொன்னது பக்கத்து வீட்டு மலாய் அக்கா, மருத்துவமனை இல்லை. மனுப் போட்டு ஆள் வந்து வேலை முடிய ஆகும் நாளெல்லாம் மாமியார் வார்டில் இருந்தார். அந்தப் படுக்கைக்காகக் கீழே யாரோ காத்திருப்பார் என்பது எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே ஒவ்வொரு நாளும் போய் வந்தேன்.

வெளியே போகும் வழிதான் அடைபட்டிருக்கிறது என்று வாசு சொல்வது சரி. ஆனால் அதைத் திறக்க வேண்டும் என்றால் குடும்பத்தைத் துரிதப்படுத்தினால் மட்டும் போதாது. சேர்த்த முதல் நாளே "இவர் வீட்டுக்குப் போனால் என்னென்ன தேவை" என்று உட்கார்ந்து பேச வேண்டும். சாமான் இரவலாகக் கிடைக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் வீட்டுக்கு ஒரு தாதி தினமும் வந்து போனால், பயம் இல்லாமல் கூட்டிக்கொண்டு போவேனே.

---

யீஷூன் வாசு

ராஜி அக்கா, நீங்கள் எழுதியது எனக்கு முக்கியமாகப் படுகிறது. நான் "வெளியே போக வேண்டியவர்" என்று எழுதும்போது நினைத்ததும் இதுதான், அந்த வழிக்குப் பணமும் ஆளும் போட வேண்டும் என்பது. ஒரு புது வார்டு திறந்தால் நாடா வெட்டிப் படம் எடுக்கிறோம், ஒரு வீட்டுத் தாதிக் குழு பெரிதானால் செய்தியில்கூட வருவதில்லை. ஒரு வார்டு செய்யும் வேலையை அதுவும் செய்கிறது.

---

காலாங் குமார்

வீட்டுத் தாதி பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். என் மாமனாருக்குக் காலில் தோல் தொற்று, நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டும். வழக்கமாக ஒரு வாரம் வார்டில் இருக்க வேண்டிய விஷயம். "எம்ஐசி அட் ஹோம்" என்று கேட்டார்கள், அதாவது வார்டில் சேர்ந்த நோயாளிதான், ஆனால் படுத்திருப்பது சொந்த வீட்டில். முதலில் மாமியார் பயந்துவிட்டார். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, விரலில் மாட்டி உயிர்வாயு பார்க்கும் கருவி, வெப்பமானி எல்லாம் ஒரு பையில் கொடுத்தார்கள். தாதி வீட்டுக்கு வந்து மருந்து ஏற்றினார். மருத்துவர் தினமும் காணொளியில் பேசினார். நடு இரவில் கூப்பிடவும் ஒரு எண் இருந்தது. மோசமானால் திரும்ப மருத்துவமனைக்கே கொண்டுபோவார்கள்.

2022-இல் சோதனையாகத் தொடங்கி, 2024 ஏப்ரலிலிருந்து வழக்கமான சேவையாக ஆக்கிவிட்டார்கள். வார்டில் இருந்தால் மெடிஷீல்டு லைஃப் (அரசின் மருத்துவக் காப்புறுதி), மெடிசேவ் (மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கு) எப்படிப் பயன்படுமோ அப்படியே இதற்கும். கட்டணமும் வார்டைவிடக் கூட இல்லை. மாமனாருக்குப் பிடித்த விஷயம் சோறும் ரசமும் வீட்டுச் சாப்பாடு என்பது, சக்கரைக்கு ஏற்ற மாதிரி மாமியார் பார்த்துப் பார்த்துக் கொடுத்தார்.

ஆனால் ஒன்று. வீட்டில் பார்த்துக்கொள்ள மாமியார் இருந்தார். தனியாக ஓரறை வீட்டில் இருக்கும் முதியவருக்கு இது எப்படிச் சரிப்படும்? அந்த மாதிரி ஆட்கள்தான் அதிகமாகிக்கொண்டு வருகிறார்கள். இதையும் யோசிக்க வேண்டும்.

---

லெஸ்டர் தங்கை

நான் தெம்பனீஸில் வளர்ந்தவள், இப்போது இங்கிலாந்தில் மருத்துவத் துறை நிர்வாகத்தில் இருக்கிறேன். இங்கே நடப்பதைக் கொஞ்சம் சொன்னால் உதவும் என்று நினைக்கிறேன், நல்லதும் கெட்டதும்.

2023 செப்டம்பரில் இங்கிலாந்தின் காத்திருப்புப் பட்டியல் 77 லட்சத்துக்கும் மேல். நூற்றுக்கு 92 பேருக்கு 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது விதி. 2016-க்குப் பிறகு அதை ஒருமுறையும் எட்டவில்லை. 2029 மார்ச்சுக்குள் திரும்ப எட்டுவோம் என்று 2025 ஜனவரியில் ஒரு திட்டம் அறிவித்தார்கள். சிங்கப்பூரில் இருப்பவர்கள் இந்த எண்ணைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். 1990களின் இறுதியில் இங்கே ஓராண்டுக்கு மேல் காத்திருந்தவர்கள் ஏராளம். அதை 2000களில் பத்து வருடத்துக்குள் இதே அமைப்பு 18 வாரமாகக் குறைத்துக் காட்டியது. பிறகு கவனம் குறைந்தது, முதியோர் பராமரிப்புக்குப் பணம் சுருங்கியது, கோவிட் வந்தது. குறைத்த வரிசை திரும்ப வளரும் என்பதற்கு நாங்கள்தான் சாட்சி.

எனக்கு உண்மையிலேயே பலன் தருவதாகத் தெரிகிற விஷயங்களைச் சொல்கிறேன். ஒன்று, திட்டமிட்ட அறுவை சிகிச்சையை அவசர சிகிச்சையிலிருந்து பிரித்துவிடுவது. ஒரே கட்டடத்தில் இரண்டும் இருந்தால், விபத்தில் அடிபட்டவர் வந்ததும் முட்டி மாற்று அறுவை சிகிச்சைக்கு வந்தவரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது, அவரும் காலையிலிருந்து பட்டினியாக இருந்திருப்பார். தனியாக அறுவை சிகிச்சை மையம் வைத்தால் அங்கே அவசர நோயாளி வரமாட்டார், கண்புரை, முட்டி, இடுப்பு மட்டும் நாள் முழுக்க ஓடும். அப்புறம், தேவை வந்தால் நோயாளியே கூப்பிட்டு வருவது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டாயம் வா என்று சொல்லாமல், "இந்த இந்த அறிகுறி வந்தால் கூப்பிடுங்கள், இத்தனை நாளுக்குள் பார்ப்போம்" என்று எழுதிக் கொடுப்பது. பலர் கூப்பிடுவதே இல்லை, நன்றாகத்தான் இருக்கிறார்கள். காலியான அந்த நேரம் புது நோயாளிக்குப் போகிறது. எல்லா நோய்க்கும் இது பொருந்தாது, எதற்குப் பொருந்தும் என்று அந்தத் துறை மருத்துவர்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. அவசர சிகிச்சைப் பிரிவில் 4 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று இலக்கு வைத்தபோது, 3 மணி 50 நிமிடத்தில் திடீரென்று நிறையப் பேர் வார்டுக்கு மாற்றப்பட்டார்கள். வரைபடத்தில் பார்த்தால் அந்த இடத்தில் மட்டும் ஊசி மாதிரி ஏறும். நோயாளிக்கு நல்லது நடந்ததா என்று பார்க்காமல் கடிகாரத்தை மட்டும் பார்த்தால் இப்படித்தான் ஆகும். சிங்கப்பூர் அமைச்சு வார்டுக்கான காத்திருப்பு நேரத்தை மருத்துவமனைவாரியாக இணையத்தில் வெளியிடுகிறது, அதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அந்த எண்ணோடு, குணமாகியும் வார்டில் இருப்பவர் எத்தனை பேர் என்பதையும் போட வேண்டும். இங்கே குளிர்காலத்தில் எந்த ஒரு நாளை எடுத்தாலும் அப்படி 12,000 பேருக்கு மேல் இருக்கிறார்கள். அந்த எண் வெளியே தெரிந்தால்தான் முதியோர் பராமரிப்பு பற்றியும் கேள்வி எழும்.

---

ஜூரோங் முருகேசன்

தங்கை சொன்ன "தேவைப்பட்டால் கூப்பிடு" முறை எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. எனக்குச் சர்க்கரை, கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம் மூன்றும் உண்டு. மருத்துவமனை சிறப்பு மருத்துவரிடம்தான் பல வருடமாகப் போகிறேன். அவர் நம்மைப் பார்த்துக்கொள்கிறார் என்ற தைரியம். பொது மருத்துவரிடம் மாறினால் அதே மாத்திரைக்கு விலை கூட ஆகும், அதையும் பார்க்க வேண்டும். என்னைப் போன்றவர்கள் வரிசையை அடைத்துக்கொண்டிருக்கிறோம் என்றால் என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

---

முன்பதிவு மேசை

நான் ஒரு சிறப்பு மருத்துவர் கிளினிக்கில் பதிவு, முன்பதிவு வேலை பார்க்கிறேன். முருகேசன் அண்ணனுக்கு முதலில் பதில். அந்த விலை வித்தியாசம்தான் நிறையப் பேரைத் தடுத்தது, அதனால்தான் 2024 பிப்ரவரியில் "ஹெல்தியர் எஸ்ஜி" என்ற அரசுத் திட்டத்தில் மாற்றம் கொண்டுவந்தார்கள். 40 வயதுக்கு மேற்பட்டவர் அந்தத் திட்டத்தில் ஒரு பொது மருத்துவரிடம் பதிந்துகொண்டால், நாள்பட்ட நோய்க்கான குறிப்பிட்ட மருந்துகள் பலதுறை மருந்தக (அரசு பாலிகிளினிக்) விலைக்கு நெருக்கமாகக் கிடைக்கும், மெடிசேவ் பயன்படுத்தும்போது கையிலிருந்து கட்ட வேண்டிய 15 விழுக்காடும் இல்லை. பட்டியலில் இருக்கும் மருந்துக்குத்தான் இது, அதனால் உங்கள் மாத்திரைப் பெயர்களை எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். உங்கள் சிறப்பு மருத்துவரிடமும் "என்னைப் பொது மருத்துவருக்கு மாற்றலாமா, ஏதாவது என்றால் திரும்ப வர எவ்வளவு நாள் ஆகும்" என்று நேரடியாகக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் அங்கேயே இருங்கள். அந்த முடிவு மருத்துவர் எடுக்க வேண்டியது.

சர்க்கரை உள்ளவர்களுக்குக் கண் பரிசோதனை எப்படி நடக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? பலதுறை மருந்தகத்திலேயே விழித்திரையைப் படம் எடுக்கிறார்கள், அந்தப் படம் மட்டும் தனி மையத்துக்குப் போகிறது, அங்கே பயிற்சி பெற்றவர்கள் பார்த்துச் சொல்கிறார்கள். கோளாறு இருப்பவர் மட்டும் கண் மருத்துவரிடம் போகிறார். எல்லாரும் கண் மருத்துவமனைக்கு நேரில் போக வேண்டும் என்று இருந்திருந்தால் வரிசை எங்கே போய் நின்றிருக்கும்! தோல், காது, முட்டி வலி என்று இன்னும் பலவற்றுக்கு இப்படி முதல் கட்டத்திலேயே வடிகட்டும் வேலையைப் பெருக்கலாம்.

அடுத்து, யாரும் பேசாத ஒன்று. முன்பதிவு செய்துவிட்டு வராமல் போவது. ஒவ்வொரு கிளினிக் நாளிலும் பெயர் கூப்பிட்டுப் பதில் வராத இடங்கள் இருக்கும். அலட்சியம் என்று சொல்லிவிடலாம், ஆனால் என் மேசைக்கு வருபவர்களிடம் பேசியதில் எனக்குத் தெரிந்தது வேறு. ரத்து செய்தால் மறுபடி எத்தனை மாதமோ என்று பயந்து, வரமுடியாது என்று தெரிந்தும் ரத்து செய்யாமல் விடுகிறார்கள். ஒரே பிரச்சினைக்கு இரண்டு மருத்துவமனையில் பதிந்துவைத்து, ஒன்றில் பார்த்ததும் இன்னொன்றை மறந்துவிடுகிறார்கள். நம் தமிழ்ப் பாட்டிகள் விஷயத்தில் எனக்கு மனசு கேட்பதில்லை. குறுஞ்செய்தி ஆங்கிலத்தில் வருகிறது. பாட்டிக்குப் படிக்கத் தெரியாது, மகன் வேலையில், பேரன் தேசிய சேவையில். ஒரு பாட்டி தேதி தாண்டிய பிறகு புடவை முந்தானையில் முடிந்து வைத்திருந்த துண்டுச் சீட்டோடு வந்தார், அதில் யாரோ பழைய தேதியை எழுதிக் கொடுத்திருந்தார்கள். செய்தி வந்ததே அவருக்குத் தெரியாது. அபராதம் போடு என்று சிலர் சொல்கிறார்கள். அந்தப் பாட்டிக்கு அபராதம் போட்டால் யாருக்கு என்ன பயன்? தமிழில், மலாயில், சீனத்தில் நினைவூட்டல் அனுப்புங்கள், ஒரு பொத்தானை அழுத்தினால் தேதி மாற்றும்படி செய்யுங்கள், தேதி மாற்றினால் வரிசையின் கடைசிக்குப் போகமாட்டோம் என்று உறுதி கொடுங்கள். அதெல்லாம் செய்த பிறகும் வராதவர்களைப் பற்றி அப்புறம் பேசலாம்.

நாம் இப்போதே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஹெல்த்ஹப் செயலியில் பெற்றோருக்குப் பராமரிப்பாளராக உங்களைச் சேர்த்துக்கொள்ளலாம், அவர்கள் சந்திப்புகளை உங்கள் கைபேசியிலேயே பார்க்கலாம், மாற்றலாம். சிங்பாஸ் (அரசு இணையச் சேவைகளுக்கான மின்னடையாளம்) வழியாக உள்ளே போய் இதைச் செய்யலாம்.

---

வார்டு தாதி

முன்பதிவு மேசை சொன்னதற்கு நன்றி, எங்கள் வார்டிலும் மொழியால்தான் பல தாமதம். இன்னும் ஒன்றைச் சேர்க்கிறேன். இங்கே எல்லாரும் வீட்டுத் தாதி, வீட்டு வார்டு, புது மருத்துவமனை என்கிறோம், அதற்கெல்லாம் ஆள் வேண்டும். என்னோடு படித்தவர்களில் சிலர் துறையையே விட்டுவிட்டார்கள், மலேசியா, பிலிப்பீன்ஸ், மியன்மார், இந்தியாவிலிருந்து வந்த தோழிகள் சிலர் இங்கே பயிற்சி எடுத்துக்கொண்டு ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்விட்டார்கள். 2024-இல் தாதிகளை வேலையில் நிறுத்த "ஏஞ்சல்" திட்டம் அறிவித்தார்கள், தாதிக்கு 20 ஆண்டு காலத்தில் 100,000 வெள்ளி வரை. அது வரவேற்க வேண்டியது. ஆனால் தாதியை வேலையில் நிறுத்துவது பணம் மட்டும் இல்லை. ஓய்வு நாளில் கூப்பிட்டு வரச் சொல்லாமல் இருப்பது, படுக்கை இல்லை என்ற கோபத்தை முகத்துக்கு நேரே எங்கள் மேல் காட்டாமல் இருப்பது, இதுவும் சேர்ந்ததுதான். ஒரு தாதி போய்விட்டால் இருக்கும் படுக்கையைக்கூடத் திறக்க முடியாது.

---

யீஷூன் வாசு

சரி, இவ்வளவு தூரம் பேசியதில் எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. அடுத்த மாதம் எங்கள் தொகுதியில் நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்குப் போகப்போகிறேன். இரண்டே விஷயம் கேட்பேன். காத்திருப்பு நேரத்தோடு, குணமாகியும் வார்டில் இருப்பவர்களின் எண்ணிக்கையையும் காரணத்தோடு வெளியிடுங்கள், சமூக மருத்துவமனை இடமா, தாதிமை இல்லமா, வீட்டில் ஆள் இல்லையா என்று. அடுத்து, சந்திப்பு நினைவூட்டலை நான்கு மொழியிலும் அனுப்புங்கள். நிறையக் கேட்டால் எதுவும் நடக்காது, அதனால் இந்த இரண்டும் போதும். கூட வர விரும்புபவர்கள் தனிச் செய்தி அனுப்புங்கள். முருகேசன் அண்ணே, உங்கள் தொகுதியில் நீங்களும் கேட்டால் நல்லது.

---

ஜூரோங் முருகேசன்

கேட்கிறேன் தம்பி. அந்த 50 வெள்ளி விஷயத்தையும் சேர்த்துச் சொல்வேன், முதல் வரிசையும் குறையட்டும்.

---

உட்லண்ட்ஸ் செல்வி

இழையை இப்போதுதான் முழுக்கப் படித்தேன். அம்மாவுக்கு அடுத்த வாரம் இடுப்பு அறுவை சிகிச்சை, நான் ஒரே மகள், வேலைக்குப் போகிறேன். ராஜி அக்காவுக்கு நடந்தது எனக்கு நடக்கக் கூடாது. முதல் நாளே யாரிடம் என்ன கேட்க வேண்டும், தாதி அக்கா கொஞ்சம் சொல்லுங்களேன்.

---

வார்டு தாதி

செல்வி, சேர்த்த அன்றே வார்டுத் தாதியிடம் மருத்துவச் சமூக ஊழியரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடு, மருத்துவர் அனுப்பட்டும் என்று காத்திருக்காதே. வீட்டில் குளியலறை, படுக்கையறைக் கதவு, படி, லிஃப்ட் வரை உள்ள வழி எல்லாவற்றையும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போ, இயன்மருத்துவர் அதைப் பார்த்தே எந்த நாற்காலி, எந்தக் கம்பி என்று சொல்லிவிடுவார். சமூக மருத்துவமனைக்குப் போக வேண்டி வருமா, வந்தால் எந்த இடம், செலவு எவ்வளவு, மெடிசேவ் எவ்வளவு எடுக்கலாம் என்று எழுதி வாங்கு. "ஈஸ்" மனுவை அறுவை சிகிச்சைக்கு முன்பே, இந்த வாரமே போட்டுவிடு. மருந்து கொடுப்பது, காயம் பார்ப்பது, கட்டிலிலிருந்து எழுப்பி உட்காரவைப்பது, இதெல்லாம் வார்டிலேயே எங்களிடம் ஒருமுறை செய்து காட்டு, நாங்கள் திருத்துவோம். பேச வேண்டியதை எல்லாம் திங்கள் முதல் வியாழனுக்குள் பேசிவிடு. வேறு ஏதாவது என்றால் இங்கேயே கேள், நான் இரவு வேலை முடிந்து காலையில் பார்ப்பேன்.